வீட்டில் அமர்ந்திருந்தால் வந்திருக்குமா?

அமெரிக்க நாட்டில் சார்லஸ் கீட்டிங் என்றொரு செல்வர் இருந்தார். கலிபோர்னியா மாநிலத்தில் இயங்கிய லிங்கன் என்னும் சேமிப்பு-கடன் நிறுவனம் அவருடைய ஆளுகையில் இருந்தது. 1989ஆம் ஆண்டு அந்நிறுவனம் கவிழ்ந்தபோது செய்தியாளர்கள் அவரிடம் ஒரு வினாவை எழுப்பினர். ஐந்து செனட்டர்களுக்குத் தாங்கள் அளித்த தேர்தல் நன்கொடைகள், தங்கள் பொருட்டுச் செயற்படும்படி அவர்களைத் தூண்டினவா என்பது அவ்வினா. இப்படிப்பட்ட கேள்விக்குப் பணம் கொடுத்தவர்கள் என்ன விடை கூறுவார்கள் என்பது நமக்குத் தெரியும். நாட்டு நலன் கருதிக் கொடுத்தோம் என்பார்கள்; கைம்மாறு எதையும் எதிர்பார்க்கவில்லை என்பார்கள். கீட்டிங் அவ்வாறு கூறவில்லை. நிச்சயமாக அவை தூண்டியிருக்கும் என்றே தாம் நம்புவதாக, சற்றும் கூசாமல் விடையிறுத்தார்.

அவருடைய நேர்மையைப் பாராட்டுவதா, துணிச்சலைக் கண்டு திகைப்பதா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நடந்தது இதுதான். லிங்கன் நிறுவனம் மக்களின் சேமிப்பை ஆபத்தான வழிகளில் முடக்குகிறது என்று கண்காணிப்பு அதிகாரிகள் ஐயுற்று ஆராய்ந்து வந்தனர். 1987ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இருமுறை செனட்டர்கள் அவ்வதிகாரிகளைத் தம் இடத்துக்கு அழைத்துப் பேசினர். முதற்கூட்டத்தில் நால்வர், இரண்டாவதில் ஐவர். ஆலன் கிரான்ஸ்டன், டென்னிஸ் டிகான்சினி, ஜான் கிளென், ஜான் மெக்கெய்ன், டொனால்ட் ரீகல் என்போர் அவர்கள். கிளென் விண்வெளியில் பூமியைச் சுற்றிவந்த வீரர். மெக்கெய்ன் வியத்நாம் சிறையில் ஆண்டுக்கணக்கில் வதைபட்டவர். எளிதில் விலைபோகக் கூடியவர்கள் என்று அவர்களை யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும் அவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த அமைப்புகளுக்கும் கீட்டிங் வழியாக வந்த தொகை ஏறத்தாழ 13 லட்சம் டாலர்.

அதன்பின் இரண்டாண்டுகள் லிங்கன் நிறுவனத்தின் கதவுகள் திறந்தே இருந்தன. அதன் கிளைகளிலேயே தாய்க் கம்பெனியின் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. அரசின் உத்தரவாதம் பெற்ற வைப்புத்தொகை என்று கருதி அவற்றை வாங்கியோர் பலர். அவர்களுள் முதியோர் நிரம்ப இருந்தனர். 1989இல் தாய்க் கம்பெனி நொடித்தபோது சுமார் 23,000 பேரின் கையில் வெறுங்காகிதம் எஞ்சியது. அரசுக் கருவூலத்துக்கும் பல நூறு கோடி டாலர் இழப்பு.

செனட் சபையின் ஒழுக்கக் குழு விசாரித்தது. ஐவரும் கூறிய விடை ஏறக்குறைய ஒன்றே. தம் தொகுதியில் தொழில் நடத்தும் ஒருவருக்காக அதிகாரிகளிடம் விவரம் கேட்டோம்; எந்த உறுப்பினரும் அன்றாடம் செய்யும் பணியே இது என்றனர். 1991இல் குழு தன் முடிவை வெளியிட்டது. கிரான்ஸ்டன் ஒருவரே முறையாகக் கண்டிக்கப்பட்டார். ஏனையோரின் நடத்தை முறையற்றது என்றோ, தீர்மானிப்பதில் பிழைத்தனர் என்றோ கூறி விட்டுவிட்டார்கள்.

இவ்வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. இங்கே வாக்கெடுப்பு எதுவும் நடைபெறவே இல்லை. சட்ட முன்வரைவு ஒன்றுக்கு ஆதரவாகவோ எதிராகவோ கை தூக்கப்படவில்லை. ஆகவே, ‘நன்கொடை வாங்கியதால் உறுப்பினர் தம் வாக்கை மாற்றிக்கொண்டாரா?’ என்ற அளவுகோலை மட்டும் கையில் வைத்திருப்பவர், நடந்தவற்றுள் தவறு எதையும் காணமாட்டார்.

அந்த அளவுகோலைக் கொண்டு அளந்தவர்களும் உண்டு. ஸ்டீபன் அன்சோலபிஹியர் முதலான மூவர், இத்துறையில் அதுவரை வெளிவந்திருந்த சுமார் நாற்பது ஆய்வுகளை ஒருசேரத் தொகுத்து 2003இல் ஒரு கட்டுரை எழுதினர். உறுப்பினரின் கட்சி, அவருடைய கொள்கை, தொகுதி மக்களின் விருப்பம் ஆகியவையே அவர் எப்பக்கம் வாக்களிப்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. நன்கொடையின் பங்கு மிகச் சிறியது என்பது அவர்கள் கண்ட முடிவு. தொழிலதிபர்கள் தமக்கு ஏற்கெனவே உடன்பாடானவர்களுக்கே பணம் கொடுக்கின்றனர். எனவே பணமும் வாக்கும் ஒரே பக்கம் நிற்பதைக் கண்டு, பணம்தான் வாக்கை இழுத்தது என்று முடிவு கட்டலாகாது என்றும் வாதிடுவர். இவ்வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நம்மில் பலர் டீக்கடையில் அமர்ந்து, ‘எல்லாரையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு சோம்பலின் விளைவு.

ஆனால் வேறிடத்தில் தேடியவர்கள் வேறொன்றைக் கண்டனர். ரிச்சர்ட் ஹால், ஃபிராங்க் வேமன் என்னும் இருவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், வாக்கெடுப்பை விட்டுவிட்டு, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழுக்களில் உறுப்பினர்கள் எவ்வளவு உழைத்தனர் என்று பார்த்தனர். எவர் திருத்தம் கொண்டுவந்தார், எவர் திரைக்குப் பின்னால் பேசி முடித்தார், எவர் வாளாவிருந்தார் என்று கணக்கெடுத்தனர். பணத்தின் தடம் அங்கே தெரிந்தது. உடன்பாடானவரை அது ஊக்கி எழுப்பியது. வாக்கை அது வாங்கவில்லை, நேரத்தை வாங்கியது.

2016இல் வெளியான மற்றொரு சோதனை இன்னும் தெளிவானது. ஜோஷுவா கல்லா, டேவிட் புரூக்மன் என்போர் ஒரு அமைப்பின் துணையோடு 191 உறுப்பினர் அலுவலகங்களுக்குச் சந்திப்புக் கோரி மடல் அனுப்பச் செய்தனர். சிலவற்றில், வருபவர்கள் தொகுதிவாசிகள் என்று மட்டும் இருந்தது. சிலவற்றில், அவர்கள் தேர்தல் நன்கொடையாளர்கள் என்று இருந்தது. கோரிக்கை ஒன்றே, வருவோரும் ஒரே வகையினரே. நன்கொடையாளர் என்று குறிக்கப்பட்டபோது உறுப்பினரோ அவருடைய தலைமை உதவியாளரோ நேரில் சந்திக்க முன்வந்தது மூன்று மடங்குக்கு மேல்.

ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணிதான். ஒருவருக்காகத் திறக்கும் கதவு மற்றொருவருக்காகத் திறக்கவில்லை என்பதுதான் இதன் பொருள். கீட்டிங்கிற்காக ஐந்து செனட்டர்கள் அதிகாரிகளை அழைத்த அந்த ஏப்ரலில், கடன் பத்திரம் வாங்கவிருந்த ஓய்வூதியக்காரருக்காக அவ்வறையில் யார் அமர்ந்திருந்தார்?

இதை ஆய்வு நூல்களில் படிப்பதற்கு முன்பே நான் கண்டிருக்கிறேன். வாஷிங்டனில் அன்று, பாலாற்றங்கரையில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் முன்கூடத்தில்.

எங்கள் ஜமாஅத்தில் நான் சில ஆண்டுகள் செயலாளனாக இருந்தேன். ஊரில் தோல் பதனிடும் தொழிற்சாலை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் பள்ளிக்குப் புதிதாக ஹவுள் கட்டித் தந்தார். மதரஸாப் பிள்ளைகளின் உணவுச் செலவில் பாதி அவருடையது. மார்க்கப் பற்றும் ஈரநெஞ்சும் உள்ளவர். பெருமைக்காகக் கொடுத்தவர் அல்லர். அவருடைய தொழிற்சாலைக் கழிவுநீர் போகும் பக்கத்தில் முப்பது, நாற்பது வீடுகள் இருந்தன. கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது, சோறு நிறம் மாறுகிறது என்று அவ்வீட்டுப் பெண்கள் சொல்லியனுப்பினார்கள். ஜமாஅத் கூட்ட நிகழ்ச்சி நிரலில் அதனைச் சேர்த்தேன். கடைசிப் பொருளாகச் சேர்த்தேன். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் வந்துவிடும்; அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்போம். இவ்வாறு ஆறு கூட்டங்கள் கழிந்தன. அதைப் பேசாதீர்கள் என்று ஹாஜியார் ஒருபோதும் சொல்லவில்லை. எங்களுள் எவரும் அவரிடம் ஒரு காசு கையூட்டாகப் பெறவில்லை. வாக்கெடுப்பு நடந்திருந்தால் அப்பெண்களின் பக்கமே கை தூக்கியிருப்போம் என்று சத்தியம் செய்வேன். வாக்கெடுப்புத்தான் வரவே இல்லை.

அவர் மறைந்தபின், மகனாரிடம் முத்தவல்லி தயங்கித் தயங்கி இச்செய்தியைச் சொன்னார். அந்த இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அத்தாவிடம் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரே மாமா, ஏன் சொல்லவில்லை?” என்றார். எங்களிடம் விடையில்லை.

கொடுத்தவர் கேளாமலேயே வாங்கியவர் கொடுத்துவிடுகிற பொருள் ஒன்று உண்டு என்பதை அன்று கண்டேன். அதற்கு ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை. வாங்கியவருடைய மனச்சாட்சிக்குக்கூட அது எட்டுவதில்லை. நான் குற்றமற்றவன் என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். அந்த ஐந்து செனட்டர்களும் அவ்வாறே நம்பியிருக்கக்கூடும்.

இவ்விடத்தில்தான், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்று என் நினைவுக்கு வருகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் அது பதிவாகியுள்ளது. ஸுலைம் குலத்தாரிடம் ஸகாத் வசூலிக்க இப்னுல் லுத்பிய்யா என்பவர் அனுப்பப்பட்டார். திரும்பி வந்தவர், ஒரு பகுதியைப் பொதுநிதிக்கு உரியது என்று ஒப்படைத்து, மற்றொரு பகுதி தமக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். மறைத்தாரில்லை, வெளிப்படையாகவே சொன்னார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று கேட்ட கேள்வியின் கருத்து இதுவே: இவர் தம் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ அமர்ந்திருந்தால், அந்த அன்பளிப்பு இவரைத் தேடி வந்திருக்குமா?

இக்கேள்வியின் அமைப்பை ஊன்றி நோக்க வேண்டும். அன்பளிப்பு தந்தவனுடைய ஸகாத்தை நீ குறைத்து மதிப்பிட்டாயா என்று வினவப்படவில்லை. அப்படி வினவியிருந்தால் ஒட்டகங்களை எண்ணவும் சாட்சிகளைத் தேடவும் வேண்டியிருக்கும். அவர் குறைக்கவில்லை என்றே தெளிவாகியிருக்கவும் கூடும். கேள்வி அதற்கு முன்னே போய் நிற்கிறது. அப்பொருள் மனிதரைத் தேடி வந்ததா, அவர் வகித்த பொறுப்பைத் தேடி வந்ததா? பொறுப்பைத் தேடி வந்ததாயின், பொறுப்பு அவருடையதன்று, அது அமானிதம். அமானிதத்துக்கு வந்ததைத் தனக்கு வந்ததாக எண்ணுவதிலேயே பிழை தொடங்கிவிடுகிறது. பின்னால் அவர் என்ன செய்தார், செய்யவில்லை என்பது அடுத்த கணக்கு.

கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் இதனை இன்னும் கடுமையாகப் பிடித்துக்கொண்டார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்றார்களே என்று சுட்டிக்காட்டப்பட்டபோது, அவர்களுக்கு அது அன்பளிப்பாக இருந்தது, நமக்கோ அது கையூட்டு என்ற கருத்தில் மறுத்துவிட்டார்கள். ஆட்சிப் பொறுப்பு உள்ளவனிடம் வரும் பொருளின் இயல்பே மாறிவிடுகிறது என்பது அவர்கள் உணர்ந்த உண்மை.

சரி, ஸகாத் வசூலித்தவரும் இன்றைய சட்டமன்ற உறுப்பினரும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்லர். இவர் தேர்தலில் நின்று வெல்ல வேண்டியவர். சுவரொட்டிக்கும், வண்டிக்கும், கூட்ட மேடைக்கும் செலவு உண்டு. வறியவர் ஒருவர் தம் கைப்பணத்தைக் கொண்டு தேர்தலில் நிற்க முடியாது. பிறர் கொடுக்காவிட்டால் செல்வந்தர் மட்டுமே சபைக்குப் போவார்கள். கொடுப்பதெல்லாம் கையூட்டு என்று கூறிவிட்டால் குடியாட்சியே நின்றுபோகும். ஆகவே கொடைக்கும் கையூட்டுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது?

நமது நாட்டு வரலாற்றில் இதற்கு விடை தேடத் தக்க இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்துள்ளன. 1957இல் டாட்டா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை வழங்க இடமளிக்கும்படி தன் அமைப்பு விதியைத் திருத்த விழைந்தது. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. தலைமை நீதிபதியாக இருந்தவர், பின்னாளில் மத்திய அமைச்சரான எம். சி. சாக்ளா. சட்டத்தில் தடையில்லை என்பதால் அவர் திருத்தத்தை அனுமதித்தார். அனுமதித்துக்கொண்டே, இப்பழக்கம் வளர்ந்து குடியாட்சியின் குரல்வளையை நெரிக்கக்கூடும் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதைச் சிந்திக்க வேண்டும் என்றார். கையெழுத்திட்ட தீர்ப்பிலேயே தம் கவலையையும் எழுதிவைத்த அந்நீதிபதியின் மனநிலை என்னைப் பெரிதும் கவர்ந்தது.

1961இல் ஜே. ஆர். டி. டாட்டா, பிரதமர் நேருவுக்கு எழுதிய மடலில், தம் நிறுவனம் காங்கிரசுக்குக் கொடுப்பதோடு, ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கும் கொடுக்க எண்ணுவதாகத் தெரிவித்தார். நாட்டுக்கு வலுவான எதிர்க்கட்சி வேண்டும் என்பது அவர் கருத்து. இந்த இரு கொடைகளையும் அந்தப் பழைய கேள்வியின் முன் நிறுத்திப் பாருங்கள். சுதந்திராக் கட்சி அன்று ஆட்சியில் இல்லை, வீட்டில் அமர்ந்திருந்தது. அதைத் தேடிப் போன பணம் கருத்தைத் தேடிப் போனது என்று கொள்ள இடமுண்டு. ஆளுங்கட்சியைத் தேடிப் போன பணத்தைப் பற்றி அவ்வளவு எளிதில் அப்படிச் சொல்லிவிட முடியுமா?

1957இன் தீர்ப்புக்குப் பின் சட்டம் பலமுறை புரண்டது. 1960இல் கம்பெனி நன்கொடைக்கு உச்சவரம்பு வந்தது. 1969இல் முழுத்தடை. தடை விதித்ததும் பணம் நின்றுவிடவில்லை; கணக்குப் புத்தகத்திலிருந்து வெளியேறிக் கறுப்புப் பணமாக நடமாடியது. 1985இல் தடை நீங்கி, சராசரி லாபத்தில் 5 சதவிகிதம் வரை கொடுக்கலாம் என்றாயிற்று. 2013இன் கம்பெனிச் சட்டம் அதனை 7.5 சதவிகிதமாக்கியது. 2017இல் அந்த வரம்பும் நீக்கப்பட்டது; எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனிகள் தம் கணக்கில் காட்ட வேண்டியதும் இல்லை என்றாயிற்று. 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயர் பொதுமக்களுக்குத் தெரியாது. 30 தவணைகளில் ஏறத்தாழ 16,500 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் விற்பனையாயின.

2024 பிப்ரவரி 15ஆம் நாள், ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு ஒருமனதாக இத்திட்டத்தைச் செல்லாததாக்கியது. 2017இல் எடுக்கப்பட்ட வரம்பும் மீண்டது. தீர்ப்பில் என் கருத்தில் நின்ற பகுதி ஒன்று. பெருந்தொகை கொடுப்பவருக்கு, கொள்கை வகுப்போரின் மேசையருகே ஓர் இருக்கை கிடைத்துவிடுகிறது. அந்த அணுக்கமே பின்னர்ச் செல்வாக்காக மாறுகிறது என்னும் கருத்து அங்கே பேசப்படுகிறது. நேரத்தை வாங்குவது என்று அமெரிக்க அறிஞர்கள் கண்டதும் இதுவே.

மார்ச் திங்களில் பெயர்ப் பட்டியல் வெளிவந்தது. முதலிடத்தில், 1,368 கோடி ரூபாயுடன், கோவையைச் சேர்ந்த லாட்டரித் தொழில் நிறுவனமான ஃபியூச்சர் கேமிங் இருந்தது. திரிணாமுல் காங்கிரசுக்கு 542 கோடி, தி.மு.க.வுக்கு 500 கோடிக்கு மேல், ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு 154 கோடி, பா.ஜ.க.வுக்கு 100 கோடி. ஒன்றுக்கொன்று பகையான கொள்கை உடையவை இக்கட்சிகள். நான்கையும் ஒருசேர நேசிக்கும் கருத்து யாதாக இருக்க முடியும்? அவ்வாண்டுகளில் மாநிலத்திலோ மத்தியிலோ ஆட்சியில் அமர்ந்திருந்தவை என்பதே அவற்றுக்குப் பொதுவாகக் காணும் பண்பு. வேறு பல பெருநிறுவனங்களின் வரிசையும் ஏறக்குறைய இப்படித்தான்.

எதிர்த்தரப்பினர் உடனே கேட்பார்கள்: தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்யப்பட்ட லாட்டரி, இவ்வளவு பணம் வந்தபின்னும் திரும்பி வரவில்லையே, பிறகு செல்வாக்கு எங்கே? நியாயமான கேள்வி. சட்டம் மாறவில்லை என்பது உண்மை. அதனை மறைத்து எழுதுவது அறமன்று. இப்பணத்துக்குக் கைம்மாறாக இன்னது நடந்தது என்று சொல்ல என்னிடம் சான்றும் இல்லை. ஆனால் நான் கேட்பது இப்னுல் லுத்பிய்யாவிடம் கேட்கப்பட்ட கேள்வி. அதற்குச் சான்று தேவையில்லை. நாற்காலியை விட்டு எழுந்து பார்த்தால் போதும்.

ஆட்சியிலிருப்பவர்க்கும் இல்லாதவர்க்கும் ஒரு கம்பெனி ஒரேபடியாகக் கொடுக்கப் போவதில்லை; அதற்கு வாக்குரிமையும் இல்லை, கொள்கையும் இல்லை; பங்குதாரரின் லாபம் ஒன்றே அதன் கடமை. எனவே தனிமனிதர் தம் கைப்பொருளைத் தரட்டும், கம்பெனிகள் தரவேண்டா என்பது என் துணிபு. 1969இன் தடை கறுப்புப் பணத்தைப் பெருக்கியதே என்பீர்கள். பெருக்கியது. தேர்தல் செலவில் ஒரு பகுதியை அரசே பொருளாக வழங்கலாம் என்று இந்திரஜித் குப்தா குழு 1998இல் பரிந்துரைத்தது. அது இல்லாத வெறுந்தடை பாதி வேலை. பாதி வேலையின் விளைவு அப்படித்தான் இருக்கும்.

பட்டியல் வெளியான வாரத்தில் நான் அதனை வரி வரியாகப் படித்தேன். நாளும் தொகையும் கட்சியும் அதில் இருந்தன. பின்னர், அறிந்த உறுப்பினர் ஒருவர் சபையில் பேசியவற்றையும் குறிப்பேடுகளில் தேடிப் பார்த்தேன். பேசியவை அனைத்தும் அச்சாகியிருந்தன. எங்கள் ஜமாஅத்தின் பழைய குறிப்பேடும் என் அலமாரியில் இருக்கிறது. அதில், ‘நேரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது’ என்று ஆறு இடங்களில் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.